அழுதால் விசுவாசம் இல்லை என்று யார் சொன்னது?

தென்காசிப் பக்கம் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மார்ச் மாதம் ஒரு வீட்டு மாடியில் ஷீட் போடும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகியும் இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. நகையெல்லாம் அடகில். குழுக் கடன் இரண்டு, அதுபோக வெளியில் வாங்கிய ஐம்பதாயிரத்துக்கு வாரவட்டி. வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். ஜனவரி முதல் தேதி ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், வருஷத்துக்கு ஒரு வசனம் அச்சடித்துக் கொடுப்பார்களே அதில், 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்ற எரேமியா 29:11 இருந்தது. அதைப் பார்த்தாலே இப்போது கோபம் வருகிறது. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, அழுகைதான் வருகிறது. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, 'அழுவது அவிசுவாசம், துதித்துக்கொண்டே இரு, மனுஷரிடம் கை நீட்டாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்கிறார். இன்னொருவர், டிவியில் பேசும் ஒரு ஊழியருக்குப் பத்தாயிரம் காணிக்கையாக விதைத்தால் கடன் கட்டு உடையும் என்கிறார். மிச்சம் இருப்பது ஒரு கம்மல்தான், அதை அடகு வைத்து அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். கணவர் ராத்திரியில் 'நான் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் உங்களுக்குப் பாரம் இல்லை' என்கிறார். தேவனை நம்பியிருப்பது என்றால் என்ன ஐயா? எனக்கு விசுவாசம் இல்லையா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். மற்ற எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. உங்கள் கணவர் சொல்வதை அலுப்பில் வரும் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வராது, மனதில் இருப்பவருக்குச் சொல்ல ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். வீட்டில் பூச்சிமருந்தோ மிச்சமான மாத்திரைகளோ இருந்தால் இன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். எலும்பு டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது கணவரின் தூக்கத்தைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். சாகிற நினைப்பு உண்டு என்று கணவர் சொன்னால் அடுத்த முறைவரை தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.

இது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்ட மனுஷன், அடுத்த அதிகாரத்திலேயே தன்னைக் கொல்லத் தேடின யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். உங்கள் வீட்டில் ராத்திரி கேட்கிற அதே பேச்சு. கர்த்தர் அதற்கு என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. முதலில் அவரைத் தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் விட்டார். இரண்டாம் தரம் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். உபதேசமும் கேள்வியும் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகின்றன. வலி, தூக்கமின்மை, வருமானம் போன அவமானம், இந்த மூன்றும் சேர்ந்து ஒரு உழைப்பாளியை அழுத்தும்போது அவருக்கு முதலில் தேவை சாப்பாடும் தூக்கமும் மருந்தும். அதைக் கொடுப்பதும் கர்த்தருடைய வேலைதான்.

இனி உங்கள் அழுகைக்கு வருகிறேன். பல வருஷமாக ஆலோசனைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கஷ்டத்தைவிட "நான் கஷ்டப்படக் கூடாது" என்ற எண்ணம்தான் நம் விசுவாசிகளை அதிகமாக வதைக்கிறது. சபைக்குள் நுழையும்போதே முகத்தைத் துடைத்துக்கொண்டு "நல்லா இருக்கேன், கர்த்தருடைய கிருபை" என்று சொல்லப் பழகிவிட்டோம். வேதாகமம் நம்மை அப்படிப் பழக்கவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. அதுவாவது கடைசியில் துதியில் போய் முடிகிறது, 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள், அது இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசி வசனத்திலும் வெளிச்சம் இல்லை. அதையும் பரிசுத்த ஆவியானவர் நமக்காக வேதத்தில் வைத்திருக்கிறார். ஏன்? அந்த இருட்டில் இருப்பவர்களுக்கும் ஜெபிக்க வார்த்தை வேண்டும் என்றுதானே. அந்தச் சங்கீதக்காரன் தேவனைவிட்டு விலகிப் போய்விடவில்லை, தேவனிடமே போய்க் கத்துகிறான், ஒருவேளை இதுதான் நம்பியிருப்பதன் மிகக் கடினமான வடிவம் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளையில்லாமல் தவித்த அன்னாளைப் பாருங்கள். சீலோவில் ஆலயத்தில் மனங்கசந்து அழுதாள், சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆசாரியனாகிய ஏலி, வருஷக்கணக்காக ஊழியம் செய்தவர், அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்! அவள் தலை குனிந்து போய்விடவில்லை. "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று பதில் சொன்னாள். ஏலியும் அதன்பின் புரிந்துகொண்டு ஆசீர்வதித்து அனுப்பினார். உங்கள் அக்காவும் ஏலி மாதிரி நல்ல மனதோடுதான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டவர் இயேசுவே பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது, அவருக்கு அவிசுவாசம் என்று யார் சொல்லத் துணிவார்கள்? முழங்கால் போட்டு அழுதுவிட்டு எழுந்திருக்கிறீர்களே, அன்றைக்கு நீங்கள் ஜெபித்துவிட்டீர்கள்.

அந்த அட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைக் கிழித்துப் போட வேண்டாம், ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து உட்கார்ந்து வாசியுங்கள், உங்கள் கோபம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. வீடு, நிலம், ஆலயம் எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்கள். அந்த நேரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே அந்த எழுபது இருக்கிறது, அட்டையில் அதை அச்சடிக்க மாட்டார்கள். கடிதத்தை முதலில் கேட்டவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்கிறார். அதோடு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றும் சொல்கிறார்.

ஆக, இந்த வருஷம் உங்களுக்கு ஒரு குறையும் வராது என்று அந்த வசனம் ஒருபோதும் சொல்லவில்லை. யாரோ அப்படி அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கர்த்தர் வாக்கு மாறிவிட்டார் என்று நீங்கள் கோபப்படுகிறீர்கள். அவர் கொடுக்காத வாக்கு அது. சிறையிருப்பின் நடுவிலும் நான் உங்களை மறக்கவில்லை என்பதுதான் அவர் கொடுத்தது. இது சின்ன ஆறுதலாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை, விழுந்து கிடக்கும் வீட்டுக்கு வேறு எந்த ஆறுதலும் பொருந்தாது.

சரி, "மனுஷரிடம் கை நீட்டாதே" என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் நிலைமைக்கு வேதத்தில் ரொம்ப நெருங்கியது 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் புத்திரரில், அதாவது அவர்களுடைய சீஷர்களில், ஒருவனுடைய மனைவி. புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், செத்துப்போனான், கடன் நிற்கிறது, கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான். கர்த்தருக்குப் பயந்தவன் வீட்டுக்கும் கடன்காரன் வருகிறான், இதை முதலில் கவனியுங்கள். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய்க் கூப்பாடு போடுகிறாள். எலிசா "உன் விசுவாசம் எங்கே" என்று கேட்கவில்லை, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்றார். ஒரு குடம் எண்ணெய். அடுத்தது என்ன? அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கு, அதுவும் நிறைய வாங்கு என்கிறார். அந்த அற்புதம் நடக்கும் முன்னால் அவள் தெரு முழுக்கக் கை நீட்ட வேண்டியிருந்தது. எண்ணெய் நிரம்பின பிறகும் கடன் காற்றில் கரைந்து போகவில்லை. "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து" என்றுதான் சொல்லப்பட்டது. சந்தைக்குப் போனதும் விலை பேசினதும் அவள்தான்.

அதே கேள்வியை நான் உங்களிடம் கேட்கிறேன், வீட்டில் என்ன இருக்கிறது? பட்டறையில் மெஷின் இருக்கிறது, சும்மா பூட்டிக் கிடப்பதற்கு இன்னொரு வெல்டரிடம் வாடகைக்கு விடலாமே. உங்கள் கணவருக்குக் கண்ணும் கையும் அனுபவமும் இருக்கிறது, உட்கார்ந்தே அளவு, எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கலாம். வேலை முடித்துக் கொடுத்தும் பணம் தராதவர்கள் எத்தனை பேர் என்று பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள், அது உங்கள் பணம், கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எப்போதாவது பதிவு செய்து அட்டை வாங்கியிருக்கிறாரா? அட்டை இருந்தால் விபத்து உதவி கிடைக்குமா என்று தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் சபை. உங்கள் போதகர் ஐயரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விதவைகளின் அன்றாட விசாரிப்பில் குறை வந்தது என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் 6-இல் ஏழு பேரையே நியமித்தார்கள், கஷ்டப்படுகிற வீட்டை விசாரிப்பது சபையின் கடமை, உங்களுக்குப் போடும் பிச்சை அல்ல. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதின அப்போஸ்தலன் பவுல், அடுத்த வசனத்திலேயே, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குகொண்டது நல்லது என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். அவர்கள் அனுப்பின பணத்தை வாங்கிக்கொண்டு எழுதின கடிதம் அது.

கம்மல் விஷயத்தில் என் பதில், அனுப்பாதீர்கள். பத்தாயிரம் வேண்டாம், பத்து ரூபாயும் வேண்டாம். பஞ்சத்தில் கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையைக் காட்டி உங்களிடம் பேசுவார்கள், முதலில் எனக்கு ஒரு அடை என்று எலியா கேட்டாரே என்பார்கள். எலியா எங்கோ உட்கார்ந்து கேட்கவில்லை, அந்த வீட்டுக்கே வந்து, அவளும் அவள் வீட்டாரும் சாப்பிட்ட அதே மாவில் சாப்பிட்டு, அவள் பிள்ளை செத்தபோது அந்தப் பிள்ளையின்மேல் விழுந்து கர்த்தரிடம் மன்றாடினவர். காணிக்கைப் பெட்டியில் தனக்கிருந்த இரண்டு காசையும் போட்ட ஏழை விதவையையும் காட்டுவார்கள். மாற்கு 12-இல் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை ஆண்டவர் எச்சரிப்பதையும் சேர்த்து வாசியுங்கள். இன்னும் ஒன்று, தகப்பனுக்கும் தாய்க்கும் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கொடுக்காமல் விடுவதை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7 சொல்கிறது. வீட்டுக்காரரின் மருந்துக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உரிய பணத்தை எடுத்துக் காணிக்கை போட அவர் கேட்கவில்லை. கொடுப்பது ஒருவனிடத்தில் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதிவிட்டார். கஷ்டத்தில் இருப்பவர்களிடம் இப்படிக் கேட்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

வட்டிக்காரருக்கு வருகிறேன். வாங்கின அசல் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், அதில் நாம் நேர்மையாக இருப்போம், கடன் வாங்கிச் செலுத்தாமல் போவதைச் சங்கீதம் 37 துன்மார்க்கனின் செயல் என்கிறது. ஆனால் வாசலில் நின்று அவமானப்படுத்துவதைப் பொறுத்துக்கொள்வதுதான் பக்தி என்று நினைக்காதீர்கள். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் இதே பிரச்சினை. ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்து அலறுகிறார்கள். நெகேமியா ஜெபிக்கிற மனுஷன், அந்தப் புத்தகம் முழுக்க ஜெபம்தான், ஆனாலும் இங்கே மிகவும் கோபங்கொண்டு, வட்டி வாங்கினவர்களுக்கு எதிராகச் சபையைக் கூட்டி, நிலத்தையும் வாங்கின வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்து, ஆணையும் இடச் செய்கிறார். நம் மாநிலத்தில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அளவுக்கு மீறின வட்டி வாங்குவது மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் உதவி கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். குழுக் கடன் மைக்ரோபைனான்ஸ் கம்பெனியுடையது என்றால், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. அவர்களிடம் நீங்களே முன்னால் போய், விபத்து நடந்த விவரத்தையும் ஆஸ்பத்திரி சீட்டையும் காட்டி, தவணையை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கோர்ட்டு, அதிகாரி என்று போவது விசுவாசிக்கு அடுக்குமா என்று சந்தேகம் வந்தால், பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியிலிருந்து தப்பினதையும், இராயனுக்கு அபயமிட்டதையும், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு கேட்டதையும், அப்போஸ்தலர் நடபடிகளில் பாருங்கள்.

இதெல்லாம் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? நான் அப்படி உறுதி சொல்ல முடியாது, சொன்னால் நானும் அனனியா ஆகிவிடுவேன். பவுல் போய்ப் புயலில் சிக்கின கப்பலை நினைக்கிறேன், அப்போஸ்தலர் 27. ஒரு உயிரும் போகாது, கப்பல் மட்டும் போகும் என்று தேவதூதன் சொல்லிவிட்டான். வாக்கு வந்துவிட்டதே என்று பவுல் சும்மா இருக்கவில்லை. கப்பலாட்கள் படகில் தப்பி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். பதினாலு நாள் சாப்பிடாமல் கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, தானே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டுச் சாப்பிடுகிறார். 276 பேரும் கரை சேர்ந்தார்கள், நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்தும் உடைந்த துண்டுகளைப் பிடித்தும் வந்தார்கள். கப்பல் போயே போய்விட்டது. உங்கள் வீட்டிலும் சிலது போகலாம், பட்டறை வேறு கைக்கு மாறலாம், அடகு நகையில் சிலது திரும்பாமல் போகலாம். அப்படிப் போனால் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமாகாது. நீங்கள் எல்லாரும் உயிரோடு கரை சேர்வதைத்தான் நான் அவரிடம் கேட்கிறேன்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம்தான். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. அதுவும் முடியவில்லை என்றால், பிள்ளைக்காக வந்த அந்தத் தகப்பன் இயேசுவிடம் கதறினானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அதைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக வந்த அந்த மனுஷனை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அந்த ஜெபக்குழு அக்காவையே துணைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் வாயைத் திறந்த பிறகுதான் தப்பாகப் போனார்கள், அதற்கு முன் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது நல்ல காரியம். பேச வரும்போது நோகடிக்கிற பலர், கூட வா என்றால் வந்து நிற்பார்கள். அவரால் வர முடியாவிட்டால் ஐயரம்மாவைக் கேளுங்கள். அதே நேரம் வீட்டில் கணவரோடு உட்கார்ந்திருக்க ஒரு ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். ஆதார், ஆஸ்பத்திரி சீட்டு, வட்டி கொடுத்த கணக்கு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரத்தின் விவரம், எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், அங்கே வரிசை நீளமாக இருக்கும்.